எந்த அட்டவணையிலிருந்து என்று முதலில் சொல்லுங்கள்

போன சனிக்கிழமை வகுப்பில் ஒரு தம்பி கேட்ட கேள்வியால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கல்லடியில் எங்கள் வீட்டு முன் விறாந்தையில் வகுப்பு நடக்கிறது. உயர்தரம் படிக்கிற ஏழு பிள்ளைகள், மூன்று மடிக்கணினி, நீளமான ஒரு மேசை. அவன் எஸ்கியூஎல் எடிட்டரில், அதாவது தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கிற மொழியை எழுதும் திரையில், 'செலக்ட்' என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, கன்ட்ரோலையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தினான். கீழே பட்டியல் விரிந்தது. அவன் தேடிய 'பெயர்' அதில் இல்லை. எண்கணிதச் சார்புகளும் திகதிச் சார்புகளும்தான் அகர வரிசையில் வந்து நின்றன. மேலும் கீழும் இரண்டு தரம் உருட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, இதுக்கு ஒண்டும் தெரியாதா?"

"நீங்க அதுக்கு இன்னும் ஒண்டும் சொல்லல்லயே தம்பி" என்றேன்.

பதினைந்து வருடத்துக்கு மேலாகத் தரவுத்தளங்களோடுதான் எனக்கு வேலை. கிழமை நாட்களில் சம்மாந்துறைப் பக்கம் ஒரு அரிசி ஆலைக்கும் இன்னும் இரண்டு வியாபார இடங்களுக்கும் கணக்கு அறிக்கைகள் எடுத்துக் கொடுக்கிறேன். சனி, ஞாயிறு வகுப்பு. இத்தனை வருடத்தில் எஸ்கியூஎல் எடிட்டரில் எனக்குக் கைகொடுத்த வசதிகளில் முதலிடம் இந்தப் பரிந்துரைப் பட்டியலுக்குத்தான். பிள்ளைகள் அதிகம் கைவிடுவதும் இதைத்தான். "அது சரியா வேலை செய்யாது அக்கா" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது வேலை செய்யும். அதற்கு நாம் ஒரு விடயத்தை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும், அவ்வளவுதான். கட்டளைகளை வகுப்பில் வாயால் சொல்கிற மாதிரியே இங்கும் எழுதுகிறேன்.

அந்தத் தம்பியிடம் மடிக்கணினியைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னேன். "என்ன எடுக்கப் போறீங்க? எனக்குச் சொல்லுங்க."

"விவசாயி ரேபிள்ல இருந்து, சம்மாந்துறை ஆக்கள்ட பேரை எடுக்கணும்."

அவன் சொன்னதைப் பலகையில் அப்படியே எழுதினேன். முதலில் அட்டவணை. அடுத்தது நிபந்தனை. அதற்கு அடுத்ததாகத்தான் பெயர் என்ற புலம் (அட்டவணையின் ஒரு நிரல்). எடு என்ற வினை கடைசியில். தமிழ் பேசுகிற எவரும் இப்படித்தான் சொல்வார்கள். எங்கே என்பதைச் சொல்லிவிட்டு, எது என்பதைச் சொல்லி, என்ன செய்வது என்பதில் வந்து முடிப்போம். எஸ்கியூஎல் இதைத் தலைகீழாகக் கேட்கிறது. 'செலக்ட் பெயர் ஃப்ரொம் விவசாயி வெயார் ஊர் = சம்மாந்துறை.' வினை முதலில், புலம் அடுத்து, அட்டவணை அதற்குப் பிறகு. அவன் 'செலக்ட்' என்று அடித்து நிறுத்திய இடத்தில் எந்த அட்டவணை என்ற தகவல் எடிட்டரிடம் இல்லை. அந்தத் தரவுத்தளத்தில் எட்டு அட்டவணைகள் இருக்கின்றன, நாலில் 'பெயர்' என்ற புலம் இருக்கிறது. எதை என்று அது காட்டும்?

இந்த வரிசை எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால் கோபம் வராது. 1970இல் ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த எட்கர் கொட், தரவை அட்டவணைகளாக வைக்கும் முறையைக் கட்டுரையாக எழுதினார். 1974இல் அதே நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுகூடத்தில் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பொய்சும் அந்த அட்டவணைகளைக் கேள்வி கேட்பதற்கான மொழியை வெளியிட்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'சீக்குவல்'. 'கட்டமைக்கப்பட்ட ஆங்கில வினவல் மொழி' என்பதன் சுருக்கம் அது. வேறொரு நிறுவனம் அந்தப் பெயரை வணிகக் குறியாக ஏற்கெனவே வைத்திருந்ததால் பின்னர் எஸ்கியூஎல் ஆனது. பெயருக்கு நடுவில் இருக்கும் 'ஆங்கில' என்ற சொல்லைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். கணிதக் குறியீடு தெரியாத ஆட்களும் எழுதக்கூடிய மொழி வேண்டும் என்று நினைத்தார்கள், அதனால் ஆங்கிலத்தில் ஏவுகிற வரிசையிலேயே அமைத்தார்கள். எடு, இதை, அதிலிருந்து. எழுத எழுதக் கீழே பட்டியல் விரிகிற திரையெல்லாம் அன்றைக்கு யார் மனதிலும் இருந்திருக்காது. பொய்ஸ் அந்த ஆண்டிலேயே, மிக இளம் வயதில் இறந்துபோனார். பல்கலைக்கழகம் போகிற பிள்ளைகள் 'பொய்ஸ்-கொட் இயல்பாக்க வடிவம்' என்று படிப்பீர்கள், அந்தப் பொய்ஸ் இவர்தான்.

பின்னால் வந்தவர்கள் இந்தச் சிக்கலைக் கண்டுகொண்டார்கள். 2007இல் மைக்ரோசொஃப்ட் சி ஷார்ப் என்ற நிரலாக்க மொழிக்குள் 'லிங்க்' என்ற வினவல் முறையைக் கொண்டுவந்தபோது 'ஃப்ரொம்' என்பதை வேண்டுமென்றே முதலில் வைத்தார்கள். அட்டவணை முதலில் வந்தால்தான் எடிட்டரால் புலங்களைக் காட்ட முடியும் என்பது அதற்கான முக்கிய காரணங்களில் ஒன்று. இப்போது டக்டிபி என்ற தரவுத்தளத்தில் 'ஃப்ரொம் விவசாயி செலக்ட் பெயர்' என்று எழுதினாலே ஓடுகிறது. கூகுள்காரர்கள் 2024இல் ஒரு கட்டுரையில், 'ஃப்ரொம்' என்று தொடங்கி ஒவ்வொரு படியாகக் குழாய்க் குறி போட்டு இறங்கிச் செல்லும் எழுத்து முறையை முன்வைத்தார்கள். ஐம்பது வருடம் கழித்து எல்லோரும் நம்முடைய வாக்கிய வரிசைக்கு வந்து சேர்கிறார்கள். அதைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

நாம் பயன்படுத்துகிற மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தில் அப்படி எழுத முடியாது. ஆனால் தட்டச்சு செய்யும் வரிசையை மாற்றுவதை யாரும் தடுக்கவில்லை. முதலில் 'செலக்ட் உடுக்குறி ஃப்ரொம் விவசாயி' என்று ஒரே மூச்சில் அடித்துவிடுங்கள். உடுக்குறி (*) என்றால் எல்லாப் புலங்களும். அட்டவணையின் பெயரை முழுதாக அடிக்கவும் தேவையில்லை, 'விவ' என்றதும் பட்டியல் அதைத் தரும். அடுத்து 'வெயார்' போடுங்கள். இப்போது விரிகிற பட்டியலில் அந்த அட்டவணையின் புலங்கள் முன்னால் வந்து நிற்கும். நிபந்தனையை எழுதி முடித்த பிறகு மேலே போய், உடுக்குறியை அழித்துவிட்டு, கன்ட்ரோல்-ஸ்பேஸ். அந்தத் தம்பி இப்படிச் செய்தபோது அவனுடைய 'பெயர்' மேலிருந்து இரண்டாவது வரியில் இருந்தது.

இது தட்டச்சு வசதிக்கு மட்டும் நிற்கிற விடயம் இல்லை. கொஞ்சம் பெரிய கேள்வி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆலையில் ஒவ்வொரு பெரும்போகம் முடிந்ததும் முதலாளி என்னிடம் கேட்பது இது: "கொள்வனவுக் கணக்கில இருந்து, இந்தப் பெரும்போகத்தில, ஊர் ஊரா, ஆயிரம் மூடைக்கு மேல வந்த ஊருகள்ட பேரையும் தொகையையும் எடுத்து, கூடினதில இருந்து அடுக்கித் தாங்க தங்கச்சி."

இதை எஸ்கியூஎல் சொற்களோடு பொருத்திப் பாருங்கள். கணக்கில இருந்து: ஃப்ரொம். இந்தப் போகத்தில: வெயார். ஊர் ஊரா: குரூப் பை. ஆயிரம் மூடைக்கு மேல: ஹேவிங். பேரையும் தொகையையும் எடுத்து: செலக்ட். அடுக்கி: ஓடர் பை. எழுதும்போது செலக்டை முதலில் எழுதினாலும், ஒரு வினவலுக்குப் பொருள் கொள்ளும்போது எஸ்கியூஎல் பின்பற்றுகிற தர்க்க வரிசை இதேதான். ஃப்ரொம், வெயார், குரூப் பை, ஹேவிங், செலக்ட், ஓடர் பை. எஸ்கியூஎல் ஒரு சொல்லும் தெரியாத ஒரு நெல் வியாபாரி, தன் வாயால் அந்த வரிசையை ஒரு இடமும் பிசகாமல் சொல்கிறார். நான் இதை முதன்முதலில் கவனித்தது ஆலையின் தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அவர் சொன்னதைக் கொப்பியில் எழுதியபோது. எழுதிய கை அப்படியே நின்றுவிட்டது.

இந்த வரிசை மனதில் பதிந்தால் பிள்ளைகளைப் படுத்துகிற வேறொரு சந்தேகமும் தீர்ந்துவிடும். செலக்டில் தொகைக்கு 'மொத்தம்' என்று ஒரு புனைபெயர் கொடுக்கிறோம். ஓடர் பையில் அந்தப் பெயரைப் போட்டால் ஏற்கிறது, வெயாரில் போட்டால் அப்படி ஒரு புலம் இல்லை என்று பிழை சொல்கிறது. ஏன்? வெயாரைக் கவனிக்கிற நேரத்தில் செலக்ட் இன்னும் நடக்கவேயில்லை. 'எடுத்து' என்று சொல்வதற்கு முன்னால் 'எடுத்ததை' என்று பேச முடியாது இல்லையா. நல்ல எடிட்டர்களின் பட்டியலும் இதை மதித்தே நடக்கும். ஓடர் பைக்குப் பிறகு விரிகிற பட்டியலில் 'மொத்தம்' இருக்கும், வெயாருக்குப் பிறகு இருக்காது.

இனிப் புள்ளிக்கு வருகிறேன். ஒரு வினவலில் இரண்டு அட்டவணை சேர்ந்தால் புனைபெயர் வைக்கச் சொல்லிக் கொடுப்பேன். விவசாயிக்கு 'வி', கொள்வனவுக்கு 'கொ'. 'வி' என்று அடித்துப் புள்ளி வைத்ததும் பட்டியல் தானாகவே விரியும், அந்த ஒரு அட்டவணையின் புலங்கள் மட்டும்தான் வரும். வேறு எதுவும் கலக்காது. புள்ளி என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்டால், 'உடைய' என்பேன். மட்டக்களப்புப் பேச்சில் இன்னும் சுருக்கம்: 'ட'. விவசாயிட பேர், விவசாயிட ஊர். புள்ளியைப் பார்க்கிற இடத்தில் 'ட' என்று வாசியுங்கள். இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இந்தப் புள்ளியை வைக்காததால் ஒரு நாள் நான் பட்ட பாட்டை இன்றும் மறக்கவில்லை.

2015இல் மட்டக்களப்பு நகரத்தில் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் வேலை செய்தேன். விற்பனை வரிகள் ஒரு அட்டவணையில். ரத்தான பில்கள் 'ரத்து' என்ற இன்னொரு அட்டவணையில். ரத்தான பில்களுக்குரிய விற்பனை வரிகளை நீக்கச் சொன்னார்கள். நான் எழுதியது: 'டிலீட் ஃப்ரொம் விற்பனை வெயார் பில்_நோ இன்', அடைப்புக்குறி திறந்து, 'செலக்ட்'. அங்கே நிறுத்தி 'பி' என்று அடித்தேன். பட்டியல் 'பில்_நோ' என்று காட்டியது. என்டர். அடுத்து 'ஃப்ரொம் ரத்து', அடைப்புக்குறியை மூடி, ஓடவிட்டேன்.

43 வரிகள் போயிருக்க வேண்டும். கீழே வந்த செய்தி 18,206 வரிகள் நீக்கப்பட்டன என்றது. விற்பனை அட்டவணை முழுக்கக் காலி.

நடந்தது இதுதான். 'ரத்து' அட்டவணையில் 'பில்_நோ' என்ற புலமே கிடையாது. அங்கே அதன் பெயர் 'இன்வொய்ஸ்_நோ'. அடைப்புக்குறிக்குள் நான் இன்னும் 'ஃப்ரொம்' எழுதாததால் எடிட்டருக்கு அப்போது தெரிந்த ஒரே அட்டவணை வெளியே இருந்த விற்பனைதான். அதன் புலத்தைக் காட்டியது, நான் எடுத்துக்கொண்டேன். தரவுத்தளமாவது பிழை சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். எஸ்கியூஎல் விதிப்படி, உள் வினவலின் அட்டவணையில் ஒரு புலம் இல்லாவிட்டால் வெளி வினவலின் அட்டவணையில் தேட வேண்டும். அங்கே இருந்தது, எடுத்துக்கொண்டது. ஆக ஒவ்வொரு வரியிடமும் 'உன் பில் இலக்கமும் உன் பில் இலக்கமும் ஒன்றா' என்று கேட்டிருக்கிறது. எல்லா வரிகளும் ஆம் என்றன. செய்ததை உடனே நிரந்தரமாகப் பதிகிற ஓட்டோ கொமிட் வேறு இயங்கிக்கொண்டிருந்தது, திரும்பப் பெற வழியில்லை.

முந்தின இரவு எடுத்த பேக்கப் இருந்ததால் பிழைத்தோம். ஆனால் அன்றைய பில்கள் அதில் இல்லை. களஞ்சியத்தில் வேலை செய்த காத்தான்குடி நானா ஒருவர் பில் புத்தகங்களின் கார்பன் பிரதிகளைக் கட்டாகக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அவர் வாசிக்க நான் அடித்தேன். மங்கலான நீலக் கார்பன் எழுத்து. சில தாள்களில் 1க்கும் 7க்கும் வித்தியாசம் தெரியாது, தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார். மஃரிப் தொழுகைக்குப் போய்விட்டு இரண்டு பிளேன்ரீயோடு திரும்பி வந்தார். "ம், அடுத்தது வாசிக்கிறன் தங்கச்சி" என்றார். இரவு ஒன்பதரை வரை 214 பில்கள். என்னைக் குறை சொல்லி ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை.

அடைப்புக்குறிக்குள் முதலில் 'செலக்ட் உடுக்குறி ஃப்ரொம் ரத்து ர' என்று எழுதியிருந்தால், பிறகு மேலே போய் 'ர' போட்டுப் புள்ளி வைத்திருந்தால், பட்டியலில் இன்வொய்ஸ்_நோ, திகதி, காரணம் என்று மூன்றே பெயர்கள் வந்திருக்கும். பில்_நோ அங்கே இல்லை என்பது எனக்குக் கண்ணாலேயே தெரிந்திருக்கும். நானே கையால் 'ர.பில்_நோ' என்று அடித்திருந்தாலும் தரவுத்தளம் பிழை சொல்லி நிறுத்தியிருக்கும். அன்றிலிருந்து உள் வினவலில் புள்ளி இல்லாமல் ஒரு புலமும் எழுதுவதில்லை. டிலீட் எழுதுவதற்கு முன் அதே நிபந்தனையோடு செலக்ட் ஓடவிட்டு வரிகளை எண்ணிப் பார்ப்பேன், ஓட்டோ கொமிட்டையும் நிறுத்திவிடுவேன். வகுப்பில் யாராவது புள்ளியை விட்டால் நான் விடமாட்டேன் என்று பிள்ளைகளுக்குத் தெரியும்.

எடிட்டருக்கு நாம் சொல்லிக் கொடுக்க வேண்டிய இன்னொன்று அந்நியச் சாவி. ஒரு அட்டவணையின் புலம் இன்னொரு அட்டவணையின் எந்த வரியைக் குறிக்கிறது என்று தரவுத்தளத்திடமே சொல்லி வைப்பது அது. ஆலையின் தரவுத்தளம் எனக்கு வந்து சேர்ந்தபோது பழைய மைஎஸ்கியூஎல்லில் 31 அட்டவணைகள் இருந்தன. கொள்வனவையும் விவசாயியையும் ஜொயின் செய்து, அதாவது இணைத்து, 'ஒன்' என்று எழுதினால் எந்தப் புலத்தை எதோடு பொருத்துவது என்று எடிட்டர் முழு வரியாகத் தர வேண்டும். தரவில்லை. முதலில் செய்தவர் எழுதி வைத்த கோப்பைத் திறந்து பார்த்தேன். அந்நியச் சாவிகள் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதியிருந்தார், பாவம். ஆனால் அட்டவணைகள் மைஐசாம் என்ற சேமிப்பு வகையில் உருவாகியிருந்தன. மைஐசாம் அந்நியச் சாவி வரிகளை வாசித்துவிட்டு, பிழையும் சொல்லாமல் விட்டுவிடும். 2010இல் வந்த மைஎஸ்கியூஎல் 5.5 பதிப்பிலிருந்துதான், அந்நியச் சாவியை மதிக்கிற இன்னோடிபி இயல்பு வகையானது. அதற்கு முன் உருவாக்கிய பல தரவுத்தளங்களில் இதே கதை இருக்கும், உங்களுடையதையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

இன்னோடிபிக்கு மாற்றிவிட்டு அந்நியச் சாவியைச் சேர்க்கப் போனால் 1452 என்ற பிழை வந்தது. பிள்ளை வரிக்குத் தாய் வரி இல்லை என்று அர்த்தம். தேடிப் பார்த்தால் 63 கொள்வனவுகளுக்கு விவசாயி இல்லை. கையெழுத்துப் பதிவேடுகளை இறக்கி ஒவ்வொன்றாகத் தேடினோம். ஒரு எண் நிந்தவூர்க்காரர் ஒருவருடையது. அவர் மௌத்தானதும் யாரோ அவருடைய பதிவை அழித்திருக்கிறார்கள். அவரிடம் வாங்கிய 120 மூடை நெல்லும் கணக்கில் ஆள் இல்லாமல் நின்றது. அவருடைய பெயரைத் திரும்பச் சேர்த்தபோது கணக்கப்பிள்ளை ஐயா, "நல்ல மனுசன், அவர்ட நெல்லு எப்பவும் காய்ஞ்ச நெல்லு" என்றார். இரண்டு கிழமை வேலை. முடிந்த அன்று 'ஒன்' என்று எழுதி கன்ட்ரோல்-ஸ்பேஸ் அழுத்தினேன். 'கொ.விவசாயி_எண் = வி.எண்' என்று முழு வரியும் வந்து நின்றது. பட்டியல் நன்றாக வேலை செய்யத் தொடங்கியதைவிட, அந்த 63 வரிகளும் வீடு சேர்ந்ததுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

சின்னச் சின்னத் தடங்கல்களையும் சொல்லிவிடுகிறேன், ஆட்கள் அடிக்கடி கேட்பதால். புதிதாக ஒரு புலத்தைச் சேர்த்த பிறகு பட்டியலில் அது வராவிட்டால் பயப்பட வேண்டாம். எடிட்டர் பெயர்களை ஒருமுறை வாங்கிச் சேமித்து வைத்துக்கொள்கிறது, அது பழையது. டிபீவர் என்ற எடிட்டரில் இடப்பக்க மரத்தில் அந்த அட்டவணையைத் தெரிந்து எஃப்5. எஸ்கியூஎல் சேர்வர் மனேஜ்மென்ட் ஸ்டூடியோவில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர். கறுப்புத் திரையில் மைஎஸ்கியூஎல் திறக்கும்போது, அட்டவணை, புலப் பெயர்களை நிரப்புவதற்காக வாசிக்கிறேன் என்று ஒரு ஆங்கில வரி வருமே, அதுவும் இந்தப் பட்டியலுக்கான தயாரிப்புதான். அட்டவணைகள் அதிகமாகி, மழை நாளில் கைத்தொலைபேசி ஹொட்ஸ்பொட்டில் வேலை செய்தால் அந்த வரியிலேயே வெகுநேரம் நிற்கும். கட்டளையோடு மைனஸ் குறியும் பெரிய 'ஏ'யும் சேர்த்தால் வாசிக்காமல் உடனே திறக்கும்.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு ஒன்று. லினக்ஸில் எஃப்சிஐடிஎக்ஸ் என்ற தட்டச்சு மென்பொருளை வைத்துத் தமிழ் அடிப்பவர்கள் கன்ட்ரோல்-ஸ்பேஸை அழுத்தினால் பட்டியல் வராது, விசைப்பலகை தமிழுக்கு மாறிவிடும். இயல்பாகவே மொழி மாற்றும் விசை அதுதான். மேக் கணினியில் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்து வைத்திருந்தாலும் இதே மோதல் வரும். என்னிடம் வந்த ஒரு தங்கச்சி மூன்று மாதமாகத் தன் எடிட்டர் பழுது என்றே நினைத்திருந்தாள். மொழி மாற்றும் விசையை வேறொன்றாக மாற்றிக் கொடுத்தேன், இரண்டு நிமிட வேலை.

பட்டியல் பெரும்பாலும் புலத்தின் பெயரைத்தான் தரும், புலத்துக்குள் இருப்பதைத் தராது. ஆலையில் 'ஊர்' என்ற புலத்தில் சம்மாந்துறையை இங்கிலிஷில் எச் போட்டும் போடாமலும், ஒரு எம், இரண்டு எம் என்றும் நாலு விதமாக எழுதியிருந்தார்கள். காரைதீவும் அப்படித்தான். நிபந்தனையில் ஒரு எழுத்துக்கூட்டலைப் போட்டால் மற்ற மூன்றும் கணக்கில் சேராது. ஊர்களுக்கென்று தனி அட்டவணை வைத்து எண் கொடுத்ததும்தான் அது தீர்ந்தது. இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். பட்டியலிலிருந்து எடுத்துப் பழகினால் பிழையான புலப் பெயர்களுக்கு ஆயுள் கூடிவிடுகிறது. யாரும் கையால் அடிப்பதில்லை, ஆகவே யாருக்கும் உறுத்துவதில்லை. பெயர் வைக்கும் நாளிலேயே இரண்டு தரம் வாசித்துப் பாருங்கள்.

இப்போது முழு வினவலையும் எழுதித் தருகிற செயற்கை அறிவு உதவிகள் வந்துவிட்டன. நானும் பயன்படுத்துகிறேன். உங்கள் அட்டவணைகளின் அமைப்பைக் கொடுக்காமல் கேட்டால், இருக்கக்கூடும் என்று தோன்றுகிற புலப் பெயர்களை அது தானாகவே போட்டுவிடும். பழைய பட்டியல் அப்படிச் செய்யாது. தரவுத்தளத்தில் கேட்டு வாங்கிய பெயரைத்தான் காட்டும். அதனால் படிக்கிற பிள்ளைகளுக்கு இப்போதைக்கு இந்தப் பட்டியல் போதும் என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

பட்டியலைக் காட்டிப் பழக்கினால் பரீட்சையில் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று ஒரு ஆசிரியர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அங்கே தாளும் பேனையும்தான், விடையும் செலக்டில்தான் தொடங்க வேண்டும். அதனால் வகுப்பின் கடைசி அரை மணித்தியாலம் மடிக்கணினிகளை மூடி வைக்கிறோம். கேள்வியை வாயால் தமிழில் சொல்லிப் பார்க்க வேண்டும், பிறகு எழுத வேண்டும். போன சனிக்கிழமை நான் மேசையைச் சுற்றி வந்தபோது அந்தத் தம்பி தாளின் முதல் வரியை வெறுமையாக விட்டு, இரண்டாவது வரியில் 'ஃப்ரொம் கொள்வனவு கொ' என்று எழுதிக்கொண்டிருந்தான். அடுத்ததாக ஜொயின், அடுத்ததாக வெயார். எல்லாம் முடிந்த பிறகு பேனையை மேலே கொண்டுபோய், "விவசாயிட பேர்" என்று மெல்லச் சொல்லிக்கொண்டு, அந்த முதல் வரியை நிரப்பினான்.